ஆமதாபாத் நகராட்சி முதல் மெட்காஃப் மாளிகை வரை: தகுதிக்கு இடமளித்த சர்தார் படேல்

தில்லியில் யமுனைக் கரையை ஒட்டி, சிவில் லைன்ஸ் பகுதிக்கு அருகே அமைந்துள்ளது மெட்காஃப் மாளிகை. 1947-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் தேதி அங்குப் பயிற்சி பெற்றுவந்த இளம் நிர்வாக அதிகாரிகளிடையே சர்தார் வல்லபபாய் படேல் உரையாற்றினார். அப்போது அவர் இடைக்கால அரசின் உள்துறைப் பொறுப்பில் இருந்தார். விடுதலைக்கு நான்கு மாதங்களுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தது. புதிதாக உருவான இந்திய ஆட்சிப் பணியின் முதல் அணியினர் அவர் முன் அமர்ந்திருந்தனர். அந்த உரையின் நினைவாகவே 2006-ம் ஆண்டு முதல் ஏப்ரல் 21-ம் தேதி குடிமைப் பணிகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்தவர் என்றே படேலை நாடு முதலில் நினைவுகூர்கிறது. அந்தப் பணிக்குத் தேவைப்பட்ட நிர்வாக அனுபவத்தை அவர் ஒரு நகராட்சியில்தான் பெற்றார். குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருக் குப்பை, தொடக்கப் பள்ளி ஆகியவையே அவருடைய முதல் பாடங்கள். அந்த நகராட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரை வெளியேறச் செய்து பொதுவாழ்வைத் தொடங்கியவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்காக அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். இந்த இரு நிலைகளும் முரண்பட்டவைபோலத் தோன்றினாலும், அவற்றை இணைக்கும் கொள்கை ஒன்றே. அதிகாரி தகுதியால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டபின் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக அவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதே அது.

தேர்வுகளால் உயர்ந்தவர்

1875-ம் ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி குஜராத்தின் நடியாத்தில் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டவர் வல்லபபாய். தந்தை ஜவேர்பாய், கரம்சத் கிராமத்தைச் சேர்ந்த விவசாயி. கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறக் குடும்ப நிலை இடம்தரவில்லை. மாவட்ட வழக்கறிஞருக்கான பிளீடர் தேர்வுக்கு இரவல் புத்தகங்களைப் படித்துத் தயாரானார். 1900-ல் அத்தேர்வில் வென்று கோத்ராவிலும் பின்னர் போர்சத்திலும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் படிப்பை முடிக்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பயண அனுமதி கைக்கு வந்தபோது, மூத்தவரான தாமே முதலில் செல்ல வேண்டும் என்று அண்ணன் விட்டல்பாய் விரும்பினார். வல்லபபாய் விட்டுக்கொடுத்தார். 1909-ல் மனைவி ஜவேர்பா காலமானார். மகள் மணிபென்னும் மகன் தாஹ்யாபாயும் சிறு குழந்தைகளாக இருந்த நிலையில், 1910-ல்தான் அவர் லண்டன் செல்ல முடிந்தது. மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தில் படித்து, குறித்த காலத்துக்கு முன்பே படிப்பை முடித்துத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1913-ல் நாடு திரும்பி ஆமதாபாத்தில் தொழிலைத் தொடங்கினார்.

பிறப்பாலோ பரிந்துரையாலோ கிடைக்காத இடத்தைத் தேர்வால் பெற முடியும் என்பது அவருக்குச் சொந்த வாழ்வில் கிடைத்த அனுபவம். அதே நேரத்தில், ஆள்பவர்கள் நடத்திய மிக உயர்ந்த தேர்வு இந்தியர்களுக்கு எவ்வளவு எட்டாததாக இருந்தது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஐ.சி.எஸ். பணிக்கான போட்டித் தேர்வு 1855-ல் தொடங்கியது. 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் வென்ற முதல் இந்தியரானார். ஆனால் 1922 வரை அத்தேர்வை எழுத விரும்பிய இந்தியர் கடல் கடந்து லண்டனுக்கே செல்ல வேண்டியிருந்தது. தகுதி என்ற பெயரில் வாசல் திறந்திருந்தாலும், அந்த வாசலுக்குச் செல்லும் வழியில் பணம் குறுக்கே நின்றது.

ஆணையருடன் மோதல்

ஆமதாபாத் அப்போது பஞ்சாலைகளால் வேகமாக வளர்ந்துவந்த நகரம். மதிலுக்குள் அடங்கிய பழைய நகரில் நெரிசல் மிகுந்திருந்தது. குடிநீர் போதவில்லை. சாக்கடை வசதி சில பகுதிகளோடு நின்றிருந்தது. நகராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள் இருந்தபோதிலும் நிர்வாகத்தை நடத்தியவர், அரசு நியமித்த ஆணையரே. ஷில்லிடி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அந்தப் பொறுப்பில் இருந்தார். மன்றத்தின் முடிவுகளை அவர் மதிப்பதில்லை என்ற குறை உறுப்பினர்களிடையே வளர்ந்திருந்தது.

1917-ல் தரியாப்பூர் பகுதியிலிருந்து வல்லபபாய் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை குஜராத் சங்கத்தில் சீட்டாடிக்கொண்டு அரசியலைக் கேலி செய்தவர் எனப் பெயர் பெற்றிருந்தவர், கோப்புகளை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். நகராட்சி நிலம் தொடர்பான விவகாரம் ஒன்றில் ஆணையர் நடந்துகொண்ட விதத்தை ஆவணங்களின் அடிப்படையிலேயே மன்றத்தின் முன் வைத்தார். உணர்ச்சிப் பேச்சுக்கு அங்கு இடமில்லை. எந்தத் தேதியில் எந்த உத்தரவு, அது ஏன் நிறைவேற்றப்படவில்லை என்ற கேள்விகளே எழுப்பப்பட்டன. ஆணையருக்கு எதிராக மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அரசு அவரை அங்கிருந்து மாற்ற நேர்ந்தது.

அந்த நாளில் ஓர் ஐ.சி.எஸ். அதிகாரிக்கு எதிராக இந்திய உறுப்பினர் ஒருவர் இப்படி வெற்றி பெறுவது அரிது. வல்லபபாய் எதிர்த்தது பயிற்சி பெற்ற அதிகாரி என்ற ஏற்பாட்டையல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அதிகாரியையே அவர் எதிர்த்தார். பின்னாளில் அவர் எடுத்த நிலைகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம்.

அதே ஆண்டில் நகரில் பிளேக் பரவியது. வசதி படைத்தோர் ஊரைவிட்டு வெளியேறினர். நீதிமன்றங்களும் பள்ளிகளும் மூடப்பட்டன. சுகாதாரக் குழுவின் தலைவரான வல்லபபாய் நகரிலேயே தங்கி, தெருத்தெருவாகச் சென்று துப்புரவுப் பணியைப் பார்வையிட்டார். நகரம் காலியான நாளிலும் வேலைக்கு வந்தவர்கள் கடைநிலைத் துப்புரவுத் தொழிலாளர்களே. ஒரு நகரின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பதை அந்த மாதங்கள் அவருக்குக் காட்டின.

ஒத்துழையாமையும் நகராட்சியும்

1918-ல் கேடா விவசாயிகளின் வரிகொடா இயக்கம் அவரைக் காந்தியடிகளுடன் முழுமையாகப் பிணைத்தது. பாரிஸ்டர் உடையைத் துறந்து கதர் அணிந்தார். ஆனால் நகராட்சியை அவர் விட்டுவிடவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது, நகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு மானியம் வேண்டாம், அரசு ஆய்வாளர்களின் மேற்பார்வையும் வேண்டாம் என்று மன்றம் முடிவெடுத்தது. பிரச்னை முற்றி, 1922-ல் அரசு நகராட்சியைக் கலைத்தது. பள்ளிகளுக்காகச் செலவழித்த தொகையை வல்லபபாயும் பிற உறுப்பினர்களும் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் எனக் கோரி வழக்கும் தொடரப்பட்டது. அந்த வழக்கு அரசுக்கு வெற்றி தரவில்லை.

இந்தப் போராட்டத்தில் ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. நகராட்சி ஆசிரியர் யாருடைய ஊழியர்? சம்பளம் தரும் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவரா, மேற்பார்வையிடும் அரசுக்கா? அரசியல் மோதலில் இடையில் அகப்பட்டவர்கள் ஆசிரியர்களும் எழுத்தர்களுமே. ஆட்சியில் இருப்பவர் மாறும்போது ஊழியரின் பிழைப்பும் மாறலாம் என்ற நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை, போராட்டத்தின் தலைவராக இருந்தே வல்லபபாய் கண்டார்.

தலைவராக நான்கு ஆண்டுகள்

1924-ல் மீண்டும் தேர்தல் நடந்தது. வல்லபபாய் நகராட்சித் தலைவரானார். 1928 வரை அப்பதவியில் நீடித்தார். அந்த ஆண்டுகளில் காங்கிரஸின் முன்னணித் தலைவர்கள் பலர் நகர நிர்வாகங்களில் இருந்தனர். கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ் மேயராகவும், அவருக்குக் கீழ் சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாகவும் பணியாற்றினர். பாட்னாவில் ராஜேந்திர பிரசாத், அலாகாபாத்தில் ஜவாஹர்லால் நேரு, பம்பாயில் விட்டல்பாய் படேல் ஆகியோர் தலைமை வகித்தனர். பிற்காலத்தில் நாட்டை ஆண்டவர்களுக்கு நகராட்சிகளே பயிற்சிக் கூடங்களாக அமைந்தன.

நகராட்சி ஊழியர் நியமனம் அப்போது நாடெங்கும் பெரும்பாலும் மன்றங்களின் விருப்பத்தைச் சார்ந்தே இருந்தது. எழுத்தர், வரி வசூலிப்பவர், பள்ளி ஆசிரியர் என ஒவ்வொரு பணியிடத்துக்கும் உறவு, சாதி, தேர்தல் உதவி ஆகியவற்றின் பெயரில் பரிந்துரைகள் வருவது வழக்கம். மாகாண அரசுப் பணிகளுக்கேனும் தேர்வாணையம் அமைக்கும் முயற்சி தொடங்கியிருந்தது. மத்தியில் 1926-ல் அரசுப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை, சட்டம் இயற்றி 1929-ல் தனது தேர்வாணையத்தை நிறுவியது. நகர ஊழியர்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. தலைவரின் நேர்மையே அங்கு ஒரே பாதுகாப்பு.

வல்லபபாயின் வழி எளிமையானது. பொறியியல் விஷயத்தைப் பொறியாளரிடம் விட்டார். அந்தப் பொறியாளர் செய்ததற்குக் கணக்குக் கேட்டார். குடிநீர் வழங்கல், சாக்கடை விரிவாக்கம், நகர விரிவாக்கத் திட்டங்கள் அவர் காலத்தில் முன்னேறின. தொண்டர்களுடன் தாமே துடைப்பமும் குப்பை வண்டியும் எடுத்துத் தெருக்களில் இறங்கினார். அந்தத் துப்புரவுப் பணி தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் தொடங்கியது.

1927 ஜூலையில் குஜராத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. ஆமதாபாத்தில் இடைவிடாது மழை கொட்டிய இரவில் நகராட்சிப் பொறியாளரை அழைத்துக்கொண்டு தலைவரே வெளியே சென்றார். வெள்ளம் தேங்கிய இடங்களைப் பார்வையிட்டு, நீர் வெளியேற வழி திறக்கச் செய்தார். துயர் துடைப்புப் பணியில் அரசும் காங்கிரஸ் தொண்டர்களும் சேர்ந்து இயங்கினர். கேடாவில் தாம் எதிர்த்த அதே அரசு இயந்திரம், ஒழுங்காக வழிநடத்தப்பட்டால் மக்களுக்குப் பயன்படும் என்பதை அவர் அப்போது நேரில் கண்டார். அடுத்த ஆண்டே பர்தோலியில் அந்த அரசை எதிர்த்து வரிகொடாப் போராட்டத்தை நடத்தி வென்றார். சர்தார் என்ற பெயர் அப்போராட்டத்தில்தான் நிலைத்தது.

சிறையில் அடைத்தவர்களுடன்

அதன்பின் வந்த ஆண்டுகளின் பெரும்பகுதி போராட்டத்திலும் சிறையிலும் கழிந்தது. 1942 ஆகஸ்டில் கைதானவர் 1945 ஜூனில்தான் விடுதலையானார். கைது உத்தரவில் கையெழுத்திட்டவர்கள், தடியடிக்கு ஆணையிட்டவர்கள், நிலங்களை ஜப்தி செய்தவர்கள் எல்லாரும் அதே நிர்வாகப் பணியைச் சேர்ந்தவர்களே. ஐ.சி.எஸ். மனப்பான்மை நீடிக்கும்வரை புதிய இந்தியாவைக் கட்ட முடியாது என்ற கருத்தை 1930-களில் நேரு எழுதியிருந்தார். காங்கிரஸில் பெரும்பாலோரின் எண்ணமும் அதுவே.

1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோது உள்துறை படேலிடம் வந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் நாடு திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தனர். ஐ.சி.எஸ். பணியில் இருந்தவர்கள் மொத்தமே சுமார் ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐரோப்பியர். பிரிவினை நடந்தால் முஸ்லிம் அதிகாரிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தானுக்குச் செல்வர் என்பதும் தெரிந்தது. வகுப்புக் கலவரங்கள் பரவிவந்த வேளையில், மாவட்டங்களை நடத்த ஆள் இல்லாத நிலை உருவாகும் அபாயம் இருந்தது.

1946 அக்டோபரில் மாகாணப் பிரதமர்களின் மாநாட்டைப் படேல் தில்லியில் கூட்டினார். ஒவ்வொரு மாகாணமும் தனக்கான அதிகாரிகளைத் தானே நியமித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. மாகாண அமைச்சர்களுக்கு அது வசதியானதும்கூட. படேல் மாற்று யோசனையை முன்வைத்தார். நாடு முழுவதற்கும் பொதுவான போட்டித் தேர்வு, பொதுவான பயிற்சி, மாநிலத்தில் பணி, ஆனால் மத்திய அரசின் ஒப்புதலின்றிப் பதவிநீக்கம் கூடாது என்பதே அதன் சாரம். இந்திய ஆட்சிப் பணியும் இந்தியக் காவல் பணியும் அந்த மாநாட்டின் முடிவிலிருந்தே பிறந்தன.

மெட்காஃப் மாளிகையில் இளம் அதிகாரிகளிடம் அவர் கூறியவை பழைய பணியின் புகழ்ச்சி அல்ல. முன்னிருந்த பணி மக்களிடமிருந்து விலகி நின்றது என்பதை அவர் மறைக்கவில்லை. சாதாரண மக்களைத் தம்மவராகக் கருதிப் பழகுமாறும், கட்சி அரசியலிலிருந்து விலகி நிற்குமாறும், ஊழலுக்கு இடம்கொடாதிருக்குமாறும் அவர்களை அறிவுறுத்தினார்.

தகுதி என்றால் தேர்வில் பெற்ற இடம் மட்டுமே என்று படேல் கருதவில்லை. சமஸ்தானங்கள் துறையின் செயலராக அவர் தேர்ந்தெடுத்த வி.பி. மேனன் ஐ.சி.எஸ். அதிகாரி அல்லர், பல்கலைக்கழகப் பட்டமும் பெறாதவர். எழுத்தராகச் சேர்ந்து திறமையால் உயர்ந்தவர். எச்.வி.ஆர். ஐயங்கார், வி. சங்கர் போன்ற ஐ.சி.எஸ். அதிகாரிகளுடன் அவரையும் ஒருசேர வைத்தே படேல் பணியாற்றினார். சமஸ்தான இணைப்பின் நுணுக்கங்கள் பெரும்பாலும் இந்த முன்னாள் எழுத்தரின் மேசையிலேயே உருவாயின.

அரசியல் நிர்ணய சபையில்

1948 ஏப்ரலில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், திறமையும் கட்டுப்பாடும் மனநிறைவும் கொண்ட பணித்துறை ஜனநாயக ஆட்சிக்கு இன்றியமையாதது என்ற கருத்தைப் படேல் விளக்கினார். அத்துறை கட்சிக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்றும், நியமனத்திலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் அரசியல் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

பெரும் விவாதம் 1949 அக்டோபர் 10-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நடந்தது. ஐ.சி.எஸ். அதிகாரிகளின் பணி நிலைமைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே உத்தரவாதம் அளிக்கும் பிரிவு அன்று விவாதிக்கப்பட்டது. சென்னை மாகாண உறுப்பினர் எம். அனந்தசயனம் ஐயங்கார் உள்ளிட்டோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். நாட்டில் கோடிக்கணக்கானோர் வறுமையில் உழலும்போது, அந்நிய ஆட்சிக்குத் துணைநின்ற சிலருக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு எதற்கு என்பது அவர்களின் கேள்வி. அதில் நியாயமும் இருந்தது.

படேல் அளித்த பதில் இரு அடிப்படைகளில் அமைந்தது. முதலாவது, கொடுத்த வாக்குறுதியை அரசு மீறக் கூடாது. பிரிவினைக் காலத்தில் அகதிகளையும் கலவரங்களையும் சமாளித்துத் தம்முடன் உழைத்தவர்கள் இவர்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இரண்டாவது, அமைச்சரின் கருத்துக்கு மாறான கருத்தைச் செயலர் அச்சமின்றிச் சொல்லும் உரிமை. தம் கருத்துக்கு எதிராக எழுதும் சுதந்திரத்தைத் தம் செயலர்களுக்குத் தாமே அளித்துள்ளதாகவும், அமைச்சரின் மனத்துக்கு ஏற்ப எழுதும் அதிகாரியால் நாட்டுக்குப் பயனில்லை என்றும் அவர் வாதிட்டார். பிரிவு நிறைவேறியது.

அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, உரிய விசாரணையின்றி அரசு ஊழியரைப் பதவிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. 312-வது பிரிவு அகில இந்தியப் பணிகளுக்கு இடமளிக்கிறது. 315-வது பிரிவின்படி மத்தியிலும் மாநிலங்களிலும் தேர்வாணையங்கள் அமைகின்றன. ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு மட்டும் தனிச்சலுகை அளித்த 314-வது பிரிவு 1972-ல் நீக்கப்பட்டது. தனிச்சலுகை மறைந்தது; தேர்வும் பாதுகாப்பும் என்ற அடிப்படை நிலைத்தது.

தகுதியும் சமூக நீதியும்

படேல் வாழ்வின் இந்தப் பகுதியைப் பேசும்போது, தகுதி என்ற சொல்லை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி தமிழக வாசகருக்கு இயல்பாகவே எழும். நீதிக்கட்சிக் காலம் முதல் வகுப்புவாரி உரிமைக்காகப் போராடிய மண்ணில், தகுதி என்பது வாய்ப்பை மறுக்கும் கருவியாகப் பயன்பட்ட அனுபவம் உண்டு. அரசியல் சட்டமும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. அடிப்படை உரிமைகள் மற்றும் சிறுபான்மையினர் பற்றிய ஆலோசனைக் குழுவுக்குப் படேலே தலைவர். அரசுப் பணியில் அனைவருக்கும் சம வாய்ப்பை உறுதி செய்யும் 16-வது பிரிவு, போதிய இடம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு செய்யவும் வழிவகுக்கிறது.

முதல் அணிகளின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நடந்த தேர்வு நகர்ப்புற, உயர் வகுப்பு இளைஞர்களுக்கே சாதகமாக இருந்தது. ஐ.சி.எஸ். பணியில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. 1951-ல் ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாநிலத்தில் பணியாற்றிய அன்னா ராஜம், நேர்முகத் தேர்வில் தயக்கத்தையும் எதிர்ப்பையும் எதிர்கொண்டே முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். படேல் அமைத்தது அடித்தளம். அதில் அனைவருக்கும் இடம் தேடிக்கொடுத்தது அவருக்குப் பின் நடந்த நீண்ட போராட்டம். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 உயர் பதவிகளை இட ஒதுக்கீடின்றி நேரடியாக நிரப்ப வெளியான அறிவிப்பு, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. இந்த விவாதம் ஓயவில்லை என்பதை அது உணர்த்தியது.

அதிகாரியின் சுதந்திரம் பற்றிய விவாதமும் ஓயவில்லை. பதவிநீக்கம் செய்ய முடியாத அதிகாரியை இடமாற்றத்தால் அடக்கலாம் என்பதை ஆட்சியாளர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். தஞ்சையில் பிறந்து அமைச்சரவைச் செயலராக உயர்ந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில், 2013-ம் ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது கூறியது. தீர்ப்பு வெளியான நாள் படேலின் பிறந்த நாளாக அமைந்தது.

நகரங்களில் எஞ்சிய வேலை

படேல் நிர்வாகம் பயின்ற இடத்தில்தான் அவர் கொள்கை மிகக் குறைவாக வேரூன்றியது. 311-வது பிரிவின் பாதுகாப்பு மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கே உரியது. நகராட்சி ஊழியர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. உள்ளாட்சி ஊழியர்களையும் தேர்வாணையத்தின் பணிவரம்புக்குள் கொண்டுவரச் சட்டம் இயற்றலாம் என்று 321-வது பிரிவு கூறுகிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. தில்லி மாநகராட்சியின் உயர்நிலைப் பணியிடங்களுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1957-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கொல்கத்தாவில் நகராட்சிப் பணி ஆணையம் என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. பிற இடங்களில் ஏற்பாடுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்தும் நிலையான தேர்தலும் அளித்தது. 12-வது அட்டவணையில் 18 பணிகள் பட்டியலிடப்பட்டன. அவற்றைச் செய்யப்போகும் ஊழியரை யார், எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை அத்திருத்தம் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. தேர்வின்றிப் பின்வாசல் வழியாகச் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் தற்காலிக நியமனங்கள் நிற்கவில்லை. மேற்கு வங்கத்தில் நகராட்சி நியமனங்களில் பணம் கைமாறியதாக எழுந்த புகார்களை விசாரிக்க 2023-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது.

கடைநிலையில் நிலைமை இன்னும் வேதனையானது. 1917-ல் பிளேக் நகரைச் சுத்தம் செய்த வேலை பிறப்பால் சில சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தபின்னும் அந்தச் சுமை முழுமையாக இறங்கவில்லை. பல நகரங்களில் அப்பணி ஒப்பந்ததாரர் கைக்கு மாறியுள்ளது. தேர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம் என்ற எதுவும் அவர்களை எட்டுவதில்லை.

ஆமதாபாத் நகராட்சி 1950 ஜூலையில் மாநகராட்சியானது. 1949-ல் இயற்றப்பட்ட பம்பாய் மாகாண மாநகராட்சிகள் சட்டத்தின்படி அதன் ஆணையரை மாநில அரசே நியமிக்கும். அப்பதவிக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் வரலாயினர். ஷில்லிடியை வெளியேறச் செய்தவர் உருவாக்கிய பணியிலிருந்தே அந்நகருக்கு மீண்டும் ஆணையர்கள் வந்தனர். ஊழியர் நியமனத்துக்குத் தேர்வுக் குழு ஒன்றையும் அச்சட்டம் ஏற்படுத்தியது.

அதே ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி பம்பாயில் படேல் காலமானார். தில்லி ஔரங்கசீப் சாலையில் அவர் வாழ்ந்த இல்லத்தில் ஆட்சிப் பணி, காவல் பணி அதிகாரிகள் திரளாகக் கூடி அஞ்சலி செலுத்தினர். அகில இந்தியப் பணிகள் சட்டம் 1951-ல்தான் நிறைவேறியது. அவர் பெயரில் 2018-ல் நர்மதைக் கரையில் 182 மீட்டர் உயரச் சிலை எழுப்பப்பட்டது. மாவட்ட ஆட்சியரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அவர் வற்புறுத்திய ஒழுங்கு, குடிநீர் வால்வைத் திறப்பவரையும் தெருவைக் கூட்டுபவரையும் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் வந்து சேரும் நாளில்தான், ஆமதாபாத் நகராட்சியில் 1917-ல் அவர் தொடங்கிய வேலை நிறைவு பெறும்.